பழைய ஏற்பாட்டுப் பலிகளும் ஆசாரியர்களும்: கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்கி வேதத்தை முழுவதும் வாசிக்க முடிவெடுக்கிறவர்களில் பலர் லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். ஆடு, மாடு, கொழுப்பு, இரத்தம், சாம்பல் என்று அதிகாரம் அதிகாரமாகப் போகும்போது, "இயேசுதான் வந்துவிட்டாரே, இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று தோன்றிவிடுகிறது. வேதபாட வகுப்புகளிலும் வாலிபர் கூட்டங்களிலும் இதைப் பற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவன். ஆனாலும் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் சொல்வதையும், யூதர்கள் தங்கள் வேதத்தைப் படிக்கும் விதத்தையும் அவர்களே வாசித்து "ஆமாம், நாங்கள் இப்படித்தான் சொல்கிறோம்" என்று ஏற்கும்படி எழுத முயன்றிருக்கிறேன். சொற்களும் வசன எண்களும் பழைய தமிழ் வேதாகமத்தின்படி இருக்கும். கத்தோலிக்க வாசகர்கள் ஆசாரியன் என்ற இடத்தில் குரு என்றும், சர்வாங்க தகனபலி என்ற இடத்தில் எரிபலி என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலிகள் எல்லாமே பாவத்துக்காகக் கொடுக்கப்பட்டவைதானே?

இல்லை. லேவியராகமம் முதல் ஏழு அதிகாரங்களில் ஐந்து வகைக் காணிக்கைகள் வருகின்றன. சர்வாங்க தகனபலியில் தோல் தவிர விலங்கு முழுவதும் பலிபீடத்தில் எரிந்துவிடும். போஜனபலி என்பது மாவு, எண்ணெய், சாம்பிராணி. அதில் இரத்தமே கிடையாது. சமாதானபலியில் கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் (நெஞ்சுப்பகுதி) வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு, மீதி முழுவதும் கொண்டுவந்தவர் குடும்பத்தோடு சாப்பிடுவதற்கு. பாவநிவாரணபலியும் குற்றநிவாரணபலியும்தான் நேரடியாகப் பாவத்தையும் தீட்டையும் பற்றியவை.

சமாதானபலியை நம் பிரசங்கங்கள் அநேகமாகத் தொடுவதே இல்லை. நன்றி சொல்ல, பொருத்தனை நிறைவேற்ற, மனம் நிறைந்து எதையாவது கொடுக்க என்று அது கொடுக்கப்பட்டது. ஸ்தோத்திரத்துக்காகக் கொடுத்தால் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது (லேவி. 7:15). ஒரு முழு விலங்கை ஒரே நாளில் ஒரு வீட்டார் மட்டும் சாப்பிட்டு முடிக்க முடியாது, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அதனால் தேவாலயத்துக்குப் போன ஒரு சாதாரண இஸ்ரவேலனுக்குப் பலி என்றதும் குற்ற உணர்ச்சியும் நினைவுக்கு வந்திருக்கும், விருந்தும் நினைவுக்கு வந்திருக்கும்.

விலங்கை அறுத்தது ஆசாரியனா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். லேவியராகமம் 1-ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசித்தால், மாட்டையோ ஆட்டையோ கொண்டுவந்தவரே அதன் தலைமேல் கையை வைத்து, அவரே அதைக் கொல்கிறார். ஆசாரியனின் வேலை அதற்குப் பின்தான் தொடங்குகிறது: இரத்தத்தைப் பலிபீடத்தில் தெளிப்பது, நெருப்பையும் விறகையும் பார்த்துக்கொள்வது, துண்டுகளை அடுக்குவது. பறவையாக இருந்தால் மட்டும் ஆசாரியனே கொல்வான். பிற்காலத்தில் ஆலயப் பணியாளர்களே அறுப்பது வழக்கமானாலும், சாதாரண மனிதர் அறுத்தாலும் பலி செல்லும் என்று கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா சொல்கிறது.

இவை தவிர, யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என ஒரு வயது ஆட்டுக்குட்டி தினமும் சமுதாயம் முழுவதற்காகவும் பலியிடப்பட்டது (யாத். 29:38-42).

தலையில் கை வைப்பது, பாவத்தை விலங்கின்மேல் ஏற்றுவதுதானே?

கிறிஸ்தவப் பிரசங்கங்களில் பெரும்பாலும் அப்படித்தான் கேட்டிருப்போம்: நான் சாக வேண்டிய இடத்தில் ஆடு சாகிறது. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் சிக்கலும் இருக்கிறது. பாவங்களை அறிக்கையிட்டு விலங்கின் தலைமேல் சுமத்துவது என்று லேவியராகமம் வெளிப்படையாகச் சொல்வது 16:21-ல்தான். அந்த ஆடு கொல்லப்படுவதே இல்லை. போக்காடாக உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கே பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் வைக்கிறான், சாதாரணப் பலிகளில் ஒரு கை. பாவத்துக்குச் சம்பந்தமே இல்லாத சமாதானபலியிலும் கை வைக்கும் வழக்கம் உண்டு.

அதனால் வேத அறிஞர்களில் பலர், கை வைப்பது "இது என்னுடையது, என் சார்பில் கொடுக்கிறேன்" என்று உரிமை காட்டும் செயல் என்கிறார்கள். யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் இன்னொரு கோணத்தைக் காட்டினார். பாவநிவாரணபலியின் இரத்தம் எங்கே பூசப்படுகிறது என்று பாருங்கள் என்றார் அவர். அது பாவம் செய்தவர்மேல் பூசப்படவில்லை. பலிபீடத்தின் கொம்புகளிலும் திரைக்கு முன்னும்தான் பூசப்படுகிறது, தெளிக்கப்படுகிறது. மனிதரின் பாவம் கடவுள் தங்கும் இடத்தையே அசுத்தமாக்குகிறது, இரத்தம் அந்த இடத்தைச் சுத்திகரிக்கிறது, அதனால் கடவுள் தம் மக்களின் நடுவில் தொடர்ந்து தங்க முடிகிறது என்பது அவர் வாதம்.

மாற்றுப்பலி என்ற எண்ணம் யூதர்களிடம் இல்லவே இல்லை என்று சொல்வதும் தவறு. 13-ஆம் நூற்றாண்டு ரபி நாக்மனிதேஸ், லேவியராகமம் 1:9-க்கான விளக்கத்தில், பலி கொடுப்பவர் "சிந்த வேண்டியது என் இரத்தம் அல்லவா" என்று உணர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

கடவுளுக்கு ஏன் இரத்தம் தேவைப்பட்டது?

இந்தக் கேள்வியில் ஒரு கோபமும் இருக்கும், அது நியாயமான கோபம். இரத்தம் கேட்கும் தெய்வம் என்றால் அன்பான பிதா எங்கே?

முதலில், கடவுளுக்குப் பசி இல்லை. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகள்" என்று சங்கீதம் 50 அடித்துச் சொல்லிவிடுகிறது. அடுத்து, லேவியராகமம் 17:11. மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அதைப் பாவநிவிர்த்திக்காகப் பலிபீடத்தின்மேல் உங்களுக்குக் கட்டளையிட்டேன் என்கிறார் கடவுள். கொடுக்கல் எந்தத் திசையில் நடக்கிறது என்று பாருங்கள். மனிதர் இரத்தத்தைக் கொடுத்துக் கடவுளை வாங்கவில்லை. கடவுள்தான் மனிதருக்கு ஒரு வழியைத் தருகிறார். உயிர் அவருக்குச் சொந்தம் என்பதால் இரத்தத்தை மனிதர் சாப்பிடவே கூடாது. அந்த உயிரைத் தம்மிடம் திரும்பி வருவதற்கான வழியாக அவரே அனுமதிக்கிறார். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் பதில்களும் இதன்மேல்தான் நிற்கின்றன.

மூன்றாவது, இரத்தமே இல்லாமலும் பாவநிவிர்த்தி உண்டு. ஆடு வாங்க வசதியில்லையா, இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. அதற்கும் வழியில்லையா, எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு (லேவி. 5:7-13). அந்த மாவுக்கும் "அவனுக்கு மன்னிக்கப்படும்" என்ற அதே வாக்குறுதிதான். "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்று எபிரெயர் 9:22-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள், அதே வசனத்தின் தொடக்கத்தில் "கொஞ்சங்குறைய எல்லாம்" என்று இருப்பதை விட்டுவிடுகிறார்கள். ஏழையின் ஒரு பிடி மாவு அந்த வசனத்தை எழுதியவருக்குத் தெரியும்.

மரியாளும் யோசேப்பும் பிள்ளைப்பேற்றுக்குப்பின் கொண்டுவந்தது ஏழைகளின் காணிக்கையான புறாக்கள்தான் (லூக்கா 2:24, லேவி. 12:8).

வேண்டுமென்றே பாவம் செய்துவிட்டு, ஒரு ஆட்டைக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

முடியாது. லேவியராகமம் 4 பேசுவது அறியாமல் செய்த பாவங்களைப் பற்றி. துணிகரமாகச் செய்கிறவன் ஜனத்தில் இராமல் அறுப்புண்டு போவான் என்று எண்ணாகமம் 15:30 சொல்கிறது. ஒருவரை ஏமாற்றிப் பொருளைப் பறித்து, பொய்ச்சத்தியமும் செய்தவனுக்கு வழி உண்டுதான் (லேவி. 6:1-7). ஆனால் முதலில் எடுத்ததை முழுவதும் திருப்பித் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும், அதன் பிறகே ஆட்டுக்கடா.

மிஷ்னாவில் யோமா என்ற பகுதி இதை இன்னும் தெளிவாக்குகிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையேயான பாவங்களுக்குப் பாவநிவாரண நாள் நிவிர்த்தி செய்யும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையேயான பாவங்களுக்கு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அது நிவிர்த்தி செய்யாது. "காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு" என்று இயேசு மத்தேயு 5:23-24-ல் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது.

ஆசாரியன், லேவியன், பிரதான ஆசாரியன்: என்ன வித்தியாசம்?

லேவி கோத்திரத்தில் பிறந்த எல்லா ஆண்களும் லேவியர். அவர்களில் ஆரோனின் வம்சத்தார் மட்டுமே ஆசாரியர். அவர்களில் ஒருவர் பிரதான ஆசாரியர். லேவியருக்குத் தேசத்தில் நிலப் பங்கு இல்லை. ஜனங்கள் தரும் தசமபாகம் அவர்களுக்கு வாழ்வாதாரம், அதில் பத்தில் ஒரு பங்கை அவர்கள் ஆசாரியருக்குத் தர வேண்டும் (எண். 18).

ஆசாரியர் எப்போதும் பலிபீடத்திலேயே நின்றுகொண்டிருக்கவில்லை. 24 வகுப்புகளாகப் பிரிந்து முறைவைத்து வந்தார்கள். யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியா அபியா வகுப்பைச் சேர்ந்தவர், தூபங்காட்ட அவருக்குச் சீட்டு விழுந்தது என்று லூக்கா எழுதுவது இந்த முறையைத்தான். மற்ற நாட்களில் ஊரில் இருந்தார்கள். வேதத்தைப் போதிப்பது, தோல்நோய் வந்தவரைப் பரிசோதித்துச் சொல்வது, ஜனங்களை ஆசீர்வதிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று நம் ஆராதனை முடிவில் சொல்லும் ஆசீர்வாதம் ஆரோனின் குமாரருக்குக் கொடுக்கப்பட்டது (எண். 6:24-26).

புதிய ஏற்பாட்டில் வரும் பிரதான ஆசாரியரை வைத்து முழு ஆசாரியத்துவத்தையும் எடைபோடுவது நியாயமில்லை. ஏரோது காலத்திலிருந்து அந்தப் பதவி ஆட்சியாளர்கள் கையில் போய்விட்டது. ஏரோது முதல் கி.பி. 70 வரை 28 பேர் அந்தப் பதவியில் இருந்ததாக அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் கணக்குச் சொல்கிறார். அதே சமயம், ஆசாரியர்களில் அநேகர் இயேசுவை விசுவசித்தார்கள் என்று அப்போஸ்தலர் 6:7 சொல்கிறது.

பாவநிவாரண நாளில் என்ன நடந்தது?

யூத நாட்காட்டியில் ஏழாம் மாதம் பத்தாம் தேதி. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஒரு மனிதர், அதாவது பிரதான ஆசாரியர், திரைக்குப் பின்னால் இருந்த உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவார். அன்றைக்குப் பிரதான ஆசாரியருக்குப் பொன் வேலைப்பாடுள்ள உடுப்பு கிடையாது, சாதாரண சணல்நூல் உடைதான். முதலில் தன் பாவத்துக்கும் தன் வீட்டாரின் பாவத்துக்குமாக ஒரு காளை. அப்புறம் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று கர்த்தருக்கு, அதன் இரத்தம் திரைக்கு உட்புறத்தில், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படும். மற்றது ஜனங்களின் அக்கிரமங்களைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போகும். முதல் ஆட்டில் சுத்திகரிப்பு, இரண்டாவதில் அகற்றுதல். நடுவராக நிற்பவரே முதலில் தனக்காகப் பலி கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். எபிரெயர் நிருபம் அதை எடுத்துக்கொண்டு நீளமாகப் பேசும்.

தீர்க்கதரிசிகள் பலிகளை வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்?

"பலியை அல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்" (ஓசியா 6:6). உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், நியாயம் தண்ணீரைப் போலப் புரண்டுவரட்டும் (ஆமோஸ் 5:21-24). ஏசாயா 1, மீகா 6, எரேமியா 7 எல்லாம் இதே தொனிதான். ஆனால் ஏசாயா 1-ஐ இன்னும் சில வசனங்கள் வாசித்தால், "நீங்கள் மிகுதியாய் ஜெபம்பண்ணினாலும் கேளேன்" என்றும் கடவுள் சொல்கிறார். காரணம், அவர்கள் கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கின்றன. தீர்க்கதரிசி ஜெபத்தை ஒழிக்கச் சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் பலியை ஒழிக்கச் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. விதவையையும் திக்கற்றவனையும் நசுக்கிவிட்டு ஆலயத்துக்கு வருவதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. சங்கீதம் 51 "பலியை நீர் விரும்புகிறதில்லை" என்று சொல்லிவிட்டு, கடைசி வசனத்தில் பலிபீடத்தில் காளைகள் ஏறும் நாளை எதிர்பார்த்து முடிகிறது.

இயேசு பலிகளை ஒழிக்கத்தானே ஆலயத்தில் மேசைகளைக் கவிழ்த்தார்?

குஷ்டரோகியைச் சுகமாக்கியபின், "ஆசாரியனுக்கு உன்னைக் காண்பித்து, மோசே கட்டளையிட்டதைச் செலுத்து" என்றார் இயேசு (மாற்கு 1:44). பஸ்கா பந்திக்கு ஆயத்தம்பண்ணச் சொன்னார். பலி முறையையே தவறென்று நினைத்தவர் இப்படிச் செய்திருக்க மாட்டார்.

ஆலயச் சம்பவத்தில் அவர் எடுத்துக்காட்டியது இரண்டு தீர்க்கதரிசிகளை: எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு என்ற ஏசாயா 56, கள்ளர் குகை என்ற எரேமியா 7. ஊழலைக் கண்டித்தார் என்பது பரவலான விளக்கம். வரப்போகும் அழிவைச் செயலால் அறிவித்தார் என்று வேறு பலர் சொல்கிறார்கள், எரேமியாவின் அந்த அதிகாரமும் ஆலய அழிவைப் பற்றியதுதான். எனக்கு இரண்டாவது விளக்கம் அதிகம் பொருந்துவதாகப் படுகிறது.

சிலுவைக்குப் பின் அப்போஸ்தலர்கள் ஆலயத்தை விட்டு விலகிவிட்டார்களா?

விலகவில்லை. பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி ஜெபவேளைக்கு, அதாவது மாலைப் பலியின் நேரத்துக்கு, தேவாலயத்துக்குப் போனார்கள் (அப். 3:1). அதைவிட ஆச்சரியம் அப்போஸ்தலர் 21. கி.பி. 57 வாக்கில் பவுல் எருசலேமுக்கு வந்தபோது, பொருத்தனை பண்ணியிருந்த நான்கு பேருக்கான செலவை ஏற்று, அவர்களோடு தானும் சுத்திகரிப்புச் செய்துகொண்டு ஆலயத்துக்குள் போகிறார். அப்படிப்பட்ட பொருத்தனையான நசரேய விரதம் முடியும்போது செலுத்த வேண்டியவற்றில் ஒரு பெண் ஆட்டுக்குட்டி பாவநிவாரணபலியாகவே இருந்தது (எண். 6:14). "இயேசு மரித்த நொடியில் பலிகள் கடவுளுக்கு அருவருப்பாகிவிட்டன" என்று பிரசங்கிப்பவர்கள் இந்த அதிகாரத்தை என்ன செய்வார்கள்?

பஸ்கா ஆட்டுக்குட்டி பாவத்துக்கான பலியா?

யாத்திராகமம் 12-ல் அது அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்கான இராத்திரி விருந்து. அதன் இரத்தம் வாசல் நிலைகளில் பூசப்பட்டது. பாவமன்னிப்பைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. புதிய ஏற்பாடு பல படிமங்களை ஒன்றாகச் சேர்க்கிறது. "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து" என்கிறார் பவுல் (1 கொரி. 5:7). "உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்ற யோவான் 1:29-ல் ஏசாயா 53-ம் பஸ்காவும் சேர்ந்து ஒலிக்கின்றன. சிலுவையை ஒரே பலியோடு மட்டும் ஒப்பிட்டு முடித்துவிட முதல் கிறிஸ்தவர்கள் விரும்பவில்லை.

எபிரெயர் நிருபம் ஆசாரியத்துவத்தைப் பற்றி என்னதான் சொல்கிறது?

இயேசுவைப் பிரதான ஆசாரியர் என்று நேரடியாக அழைக்கும் புதிய ஏற்பாட்டு நூல் இது ஒன்றுதான். யார் எழுதியது என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று 3-ஆம் நூற்றாண்டில் ஆதிச் சபை அறிஞர் ஓரிகேன் சொன்னார்; இன்றும் அதற்கு மேல் போக முடியவில்லை.

இந்த நிருபத்தை எழுதியவருக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. இயேசு யூதா கோத்திரத்தார். அந்தக் கோத்திரத்துக்கும் பலிபீடத்துக்கும் சம்பந்தமே இல்லை (7:14). பூமியில் இருந்தால் இயேசு ஆசாரியராகவே இருக்க முடியாது என்று ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார் (8:4). அதனால் ஆரோனுக்கும் முந்தைய ஒருவரிடம் போகிறார். ஆதியாகமம் 14-ல் ஆபிரகாமுக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆசீர்வதித்த சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு. சங்கீதம் 110, "நீர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியராயிருக்கிறீர்" என்று ஒரு ராஜாவைப் பார்த்துப் பாடுகிறது. வம்சத்தால் வராத, மரணத்தால் முடியாத ஒரு ஆசாரியத்துவத்துக்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது என்று காட்டுவதுதான் அவர் வாதம்.

பிறகு பாவநிவாரண நாளை எடுக்கிறார். லேவிய ஆசாரியன் வருடந்தோறும் உள்ளே போகிறான், தனக்காகவும் பலி கொடுக்கிறான், கைகளால் செய்யப்பட்ட கூடாரத்துக்குள் போகிறான். கிறிஸ்து ஒரே தரம், தம்முடைய சொந்த இரத்தத்தோடு, பரலோகத்துக்குள்ளேயே போனார். ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டே பணி செய்கிறார்கள். இவரோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்துவிட்டார் (10:11-12). காளை, வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம் பாவங்களை நிவிர்த்தி செய்யமாட்டாது என்ற கடுமையான வரியும் இங்கேதான் வருகிறது (10:4).

ஆனால் அதே ஆள் 9:13-14-ல், அந்த இரத்தம் மாம்சத்தைச் சுத்திகரித்தது உண்மை என்று சொல்லிவிட்டு, அப்படியானால் கிறிஸ்துவின் இரத்தம் மனச்சாட்சியை எவ்வளவு அதிகமாய்ச் சுத்திகரிக்கும் என்று கேட்கிறார். முன்னதில் ஒன்றுமே இல்லை என்றால் "எவ்வளவு அதிகமாய்" என்ற கேள்வியே எழாது. பூஜ்யத்தைவிடப் பெரியது என்று சொல்வதில் யாருக்கும் மகிமை இல்லை. பலி முறையை இழிவாகப் பேசினால் கிறிஸ்து உயருவார் என்று நினைக்கும் போதகர்கள் இந்த நிருபத்தின் அடித்தளத்தையே உருவிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆசிரியர் நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கக்கூடிய ஆசாரியர் என்று இயேசுவைச் சொல்வது (4:15) எனக்கு மற்ற எல்லா வாதங்களையும்விட நெருக்கமானது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு மெல்கிசேதேக்கைப் பற்றிய வாதம் அப்போது தேவைப்படாது. "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்ற அடுத்த வசனம் தேவைப்படும். திரைக்குப் பின்னால் வருடத்துக்கு ஒரு நாள் ஒருவர் மட்டும் நெருங்கிய அந்தக் கிருபாசனம் எது என்று தெரிந்தால்தான் அந்த வசனத்தின் துணிச்சல் புரியும்.

ஆதிச் சபைப் பிதாக்கள் பலிகளை எப்படி விளக்கினார்கள்?

ஒரே மாதிரி அல்ல. 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின், ட்ரிஃபோ என்ற யூதரோடு நடந்ததாக எழுதிய உரையாடலில், பொற்கன்றுக்குட்டி விவகாரத்துக்குப் பின் ஜனங்கள் விக்கிரகங்களுக்குப் பலியிடாமல் இருக்கவே கடவுள் இறங்கிவந்து தமக்குப் பலியிடச் சொன்னார் என்றார். ஓரிகேன் லேவியராகமத்தைப் பற்றிய பிரசங்கங்களில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஆவிக்குரிய அர்த்தம் தேடினார். காணக்கூடிய பலி, காணமுடியாத பலியின் அடையாளம் என்றார் அகஸ்டின். இம்மூவரில் என் மனதுக்கு நெருக்கமானவர் அவர்தான்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 12-ஆம் நூற்றாண்டு யூத மேதை மைமோனிடிசும் ஜஸ்டின் சொன்னதற்குக் கிட்டத்தட்ட அருகில் வந்தார்: அந்தக் காலத்து மனிதர்களால் பலியில்லாத வழிபாட்டை நினைத்தே பார்க்க முடியாது, அதனால் கடவுள் அந்தப் பழக்கத்தைத் தம் பக்கம் திருப்பினார் என்றார். முன்பு சொன்ன நாக்மனிதேஸ் அதைக் கடுமையாக மறுத்தார். விக்கிரக வழிபாடு பரவும் முன்பே ஆபேலும் நோவாவும் பலியிட்டார்களே என்று கேட்டார்.

கத்தோலிக்கரிடம் குருக்கள் உண்டு. புராட்டஸ்டன்ட் சபைகளில் ஏன் இல்லை?

புதிய ஏற்பாடு சபையின் ஊழியர் எவரையும் ஆசாரியர் என்று அழைப்பதில்லை. மூப்பர், கண்காணி, உதவிக்காரர் என்றே அழைக்கிறது. விசுவாசிகள் எல்லோரையும் சேர்த்துத்தான் "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்" என்கிறது (1 பேதுரு 2:9). 1520-ல் லூத்தர் இதைப் பிடித்துக்கொண்டார்: ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் ஆசாரியர்தான், போதகர் ஒரு பொறுப்பை மட்டும் வகிக்கிறார். 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் அபிஷேகம் பெற்ற ஊழியரைப் பிரஸ்பிட்டர் (மூப்பர்) என்றுதான் குறிக்கிறது.

கத்தோலிக்கரின் பதில் எளிதில் ஒதுக்கக்கூடியது அல்ல. "நீங்கள் எனக்கு ஆசாரிய ராஜ்யமாயிருப்பீர்கள்" என்று கடவுள் இஸ்ரவேல் முழுவதுக்கும் சொன்னார் (யாத். 19:6); ஆனாலும் ஆரோனின் ஆசாரியத்துவம் அங்கே இருந்தது. அதனால் எல்லோருடைய பொதுக் குருத்துவமும், திருநிலை பெற்றவர்களின் பணிக் குருத்துவமும் ஒரே சபையில் சேர்ந்தே இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டையும் அருகருகே வைத்துப் பேசியது. திருப்பலியில் கிறிஸ்து மறுபடியும் கொல்லப்படுகிறார் என்று அவர்கள் சொல்வதாக நம் பக்கத்தில் அடிக்கடி சொல்லப்படுவது பொய்க் குற்றச்சாட்டு. 1562-ல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் சொன்னது, சிலுவையில் தம்மை ஒப்புக்கொடுத்த அதே கிறிஸ்துதான் திருப்பலியிலும் ஒப்புக்கொடுக்கப்படுகிறார், முறை மட்டுமே வேறு என்பது. அதை ஏற்காதவர்கள், அவர்கள் உண்மையில் சொன்னதை எடுத்து மறுக்க வேண்டும்.

"யூதர்களுக்குச் சடங்கு, நமக்குக் கிருபை" என்பது சரியா?

சரியல்ல, ஆபத்தும்கூட. இஸ்ரவேலை எகிப்திலிருந்து விடுவித்த பிறகே கடவுள் நியாயப்பிரமாணத்தைக் கொடுத்தார். பலிபீடமே கிருபையாகக் கொடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட எளிய எதிர்வுகள் நூற்றாண்டுகளாகப் பிரசங்க மேடைகளில் பேசப்பட்டு, ஐரோப்பாவில் யூதர்கள்மேல் வெறுப்பை வளர்த்தன. 1965-ல் கத்தோலிக்கச் சபை, யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ சித்திரிக்கக் கூடாது என்று அதிகாரப்பூர்வமாகச் சொன்னது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் நாமும் அதைப் பின்பற்ற வேண்டும்.

யூதர்கள் இன்று ஏன் பலி கொடுப்பதில்லை? அவர்களுக்குப் பாவமன்னிப்பு எப்படி?

பலியை ஒரே இடத்தில்தான் செலுத்த வேண்டும் என்று உபாகமம் 12 சொல்கிறது. அந்த இடம் எருசலேம் ஆலயம். கி.பி. 70-ல் ரோமத் தளபதி தீத்துவின் படை அதை அழித்தது. இடிபாடுகளைப் பார்த்து அழுத சீடனிடம் ரபி யோகனான் பென் சக்காய் ஆறுதல் சொன்னதாக யூத மரபில் ஒரு நிகழ்ச்சி உண்டு: இதற்கு இணையான இன்னொரு பாவநிவிர்த்தி நமக்கு இருக்கிறது, அது அன்பின் செயல்கள். ஆதாரமாக அவர் காட்டியது ஓசியா 6:6. இயேசு மத்தேயு நற்செய்தியில் இருமுறை காட்டிய அதே வசனம். மனந்திரும்புதல், ஜெபம், தர்மம் ஆகியவை வழியாக மன்னிப்பு உண்டு என்று யூதர்கள் நம்புகிறார்கள். அவர்களுடைய காலை, பிற்பகல் ஜெபங்கள் பழைய தினசரிப் பலிகளின் நேரத்தோடு இணைத்துப் பார்க்கப்படுகின்றன.

சமாரியர் மட்டும் இன்றும் நாப்லுஸ் அருகே கெரிசீம் மலையில் ஒவ்வொரு பஸ்காவுக்கும் ஆடுகளைப் பலியிடுகிறார்கள். யோவான் 4-ல் சமாரியப் பெண் "இந்த மலையிலே" என்று சொன்ன மலை அதுதான்.

எருசலேமில் மூன்றாம் ஆலயம் கட்டி மறுபடி பலி தொடங்குவார்கள் என்கிறார்களே?

எசேக்கியேல் 40–48-ல் வரும் ஆலயத் தரிசனத்தை எழுத்தின்படி எடுப்பவர்கள் அப்படி எதிர்பார்க்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவிய போதனை இதற்கு வேர். அந்தப் பலிகள் சிலுவையின் நினைவாக மட்டுமே இருக்கும் என்று அவர்கள் சொல்வதுண்டு. ஆனால் எசேக்கியேல் 45 பாவநிவிர்த்தி என்றே பேசுகிறது. பெரும்பாலான பழைய சபைகள் அந்தத் தரிசனத்தை அடையாளமாகவே வாசிக்கின்றன. நானும் அப்படித்தான். ஆலயச் சுத்திகரிப்புக்குத் தேவை என்று சொல்லப்படும் சிவப்புக் கிடாரி (எண். 19) பற்றிய யூடியூப் வீடியோக்களைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நம் ஊரில் அசனம் வைக்கிறோமே, ஆட்டை நேர்ந்துகொண்டு கொடுக்கிறார்களே, அது பலியா?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு இது நிஜமான கேள்வி. ஆலயத் திருவிழாவுக்கு ஆடும் அரிசியும் காணிக்கையாக வருகின்றன, பெரிய அண்டாக்களில் சமைத்து எல்லோருக்கும் சோறு போடுகிறார்கள். இதே போன்ற வழக்கம் அர்மீனியச் சபையிலும் உண்டு, மதாக் என்பார்கள். குருவானவர் உப்பை ஆசீர்வதிப்பார், அதைச் சேர்த்து இறைச்சியை வேகவைத்து ஏழைகளுக்கும் அண்டை அயலாருக்கும் பங்கிடுவார்கள். பாவத்துக்கான பலி கிறிஸ்துவோடு முடிந்துவிட்டது, இது நன்றியும் தர்மமும்தான் என்று அவர்களே விளக்குகிறார்கள்.

அசனத்தையும் அப்படியே பார்க்கலாம் என்பது என் கருத்து. இங்கே பலிபீடம் இல்லை, இரத்தம் எங்கும் தெளிக்கப்படுவதில்லை. ஆனால் ஆட்டைக் கொடுத்தால் பாவம் தீரும், கொடுக்காவிட்டால் தண்டனை வரும் என்ற பயத்தோடு யாராவது கொண்டுவந்தால், அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டியது போதகரின் வேலை. மற்றபடி இது சமாதானபலியின் விருந்துக்கு அருகில் நிற்கிறது. அந்த மாதிரி விருந்துக்கு யாரையெல்லாம் கூப்பிட வேண்டும் என்று உபாகமம் 16:11 ஒரு பட்டியலே தருகிறது: உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. அசனக் குழு கூடும்போது அந்த வசனத்தை வாசித்துவிட்டு, ஊரில் யார் இன்னும் பந்திக்கு வெளியே இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பேசிப் பாருங்கள்.